வீட்டு டின்னில் பயண அடுப்பு செய்வது எப்படி

பர்மாவில் தமிழர் வீட்டு அடுப்படியில் காலி பால் டின் ஒன்று எப்படியும் இருக்கும், கெட்டிப்பால் வருகிற அந்தச் சின்ன டின்தான். அரிசி அளக்க அதுதான் படி. 8 டின் ஒரு ப்யி, 16 ப்யி ஒரு கூடை, சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அளக்கிற டின்னை அப்படியே விட்டுவிடுங்கள். அது போக வீட்டில் சேருகிற பால் டின், பால்மாவு டின், எண்ணெய் டின், பீர் கேன் எல்லாம் பழைய சாமான் எடுக்கிறவரிடம் சில்லறைக்குப் போகின்றன. அவற்றில் நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டால், முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போகிற அடுப்பு ஒன்றை அரை நாளில் செய்துவிடலாம். சோறு வேகும், பருப்பு வேகும், டீ கொதிக்கும்.

கலோவிலிருந்து இன்லே ஏரிக்கு நடக்கிறவர்கள், சின் மலைப் பக்கம் கூடாரத்தோடு ஏறுகிறவர்கள் இவர்களுக்கு இது உதவும் என்பது சரி. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு. 2025 மார்ச் 28 அன்று மண்டலேயும் சகாயிங்கும் 7.7 அளவு நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, வீடு இடியாமல் நின்றவர்கள்கூட உள்ளே போகப் பயந்து தெருவிலும் மைதானத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த பிறகு ஐராவதி டெல்டாவில் உலர்ந்த விறகு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. நகரத்தில் இருக்கிறவர்கள் கரண்ட் அடுப்பையும் ரைஸ் குக்கரையும் நம்பி இருக்கிறோம், கரண்டோ முறை வைத்துத்தான் வருகிறது. ஒரு பிடி சுள்ளியில் ஒரு வேளைச் சோறு ஆக்கத் தெரிந்திருப்பது எல்லா வீட்டுக்கும் வேண்டிய கைவேலை என்று நினைக்கிறேன்.

செய்யத் தொடங்குமுன் ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. டின் வெறும் சுவர், நெருப்பை நடத்துவது காற்று. கீழே காற்று நுழைய வழி, மேலே சூடு வெளியேற வழி, இரண்டும் இருந்தால் துருப்பிடித்த டின்கூட நன்றாக எரியும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் புத்தம்புது டின்னும் புகைதான். பலர் பக்கவாட்டில் நாலு ஓட்டை போட்டுவிட்டு, டின் வாயில் பானையை அப்படியே மூடி போல அமர்த்திவிடுகிறார்கள், புகை போக இடமில்லாமல் கண்ணைக் கரிக்கிறது, தீ அணைந்து அணைந்து வருகிறது, கடைசியில் விறகு ஈரம் என்று விறகின் மேல் பழி விழுகிறது. பானைக்கும் டின் வாய்க்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பாருங்கள், அதே விறகு சடசடவென்று பிடித்துக்கொள்ளும்.

எந்த டின் எடுப்பது? காந்தம் ஒட்டினால் தகரம், உள்ளே இரும்பு, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் முதல் தீயிலேயே பளபளப்பு போய் டின் நீலமும் பழுப்புமாக நிறம் மாறும், பயப்பட வேண்டாம். உணவு டின்களின் உட்புறத்தில் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சும் இருக்கும், வெளியில் அச்சு மை இருக்கும். இரண்டும் எரியும்போது கெட்ட புகை வரும், ஆகவே புது அடுப்பை முதல் தடவை வெட்டவெளியில் சமையல் இல்லாமல் சும்மா எரித்துவிடுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு. காந்தம் ஒட்டாத பீர் கேன் அலுமினியம், அது 660 டிகிரியில் உருகிவிடும், ஸ்பிரிட் (எரிசாராயம்) அடுப்புக்குத் தாங்கும், விறகுத் தணலுக்குத் தாங்காது. துத்தநாகப் பூச்சு போட்ட வாளி, கூரைத் தகடு இவற்றில் அடுப்பு செய்யவே கூடாது, தணலில் துத்தநாகம் ஆவியாகி அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் குளிரும் வரும். பூச்சிமருந்து வந்த டின், பழைய பெயிண்ட் டின், கொசு மருந்து அடிக்கிற ஸ்பிரே டப்பா மூன்றையும் தொடாதீர்கள். ஸ்பிரே டப்பா காலி என்று நினைத்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும், வெடிக்கும்.

கருவிகள் வீட்டில் இருப்பவைதான்: சுத்தியல், இரண்டு தடிமனில் ஆணி, தகரம் வெட்டும் கத்திரி, குறடு, ஒரு அரம், கையுறை. கையுறை இல்லையென்றால் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெட்டிய தகரம் பிளேடைவிட மோசமாக அறுக்கும். ஆணி அடிக்கும்போது டின் நசுங்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஈர மணலை டின்னுக்குள் இறுக்கி நிரப்பி, படுக்க வைத்து அடியுங்கள். இல்லையென்றால் டின்னின் அளவுக்கு ஒரு மரக்கட்டையை உள்ளே செருகிக்கொள்ளலாம். ஓட்டை போட்ட பிறகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சிலும்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள், வெட்டிய விளிம்பைக் குறடால் மடித்துவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரே ஒரு டின் போதும். பெரிய பால்மாவு டின், 900 கிராம் வருகிற அந்த அளவு. வாய் மேலே இருக்கட்டும். அடித்தட்டில் ஆணியால் 15 ஓட்டை, அடியை ஒட்டிப் பக்கவாட்டில் சுற்றிலும் விரல் நுழைகிற அளவில் ஏழெட்டு ஓட்டை, ஒரு பக்கம் சுள்ளி தள்ள 6 செ.மீ. அகலத்தில் ஒரு வாசல். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே 2 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் ஆறு ஜன்னல் வெட்டிவிட்டால் பானையை நேராக விளிம்பின் மேலேயே வைக்கலாம், சூடு ஜன்னல் வழியாக வெளியேறும். மூன்று சின்னக் கல்லின் மேல் டின்னை நிறுத்தி எரியுங்கள். அவ்வளவுதான். எரியும், ஆனால் புகை வரும், விறகும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.

நான் எல்லாரையும் செய்யச் சொல்வது இரட்டைச் சுவர் அடுப்பைத்தான். இதில்தான் காற்றின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். உள் டின்னுக்கு 400 கிராம் பால்மாவு டின், குறுக்களவு சுமார் 10 செ.மீ. வெளி டின்னுக்கு அந்த 900 கிராம் டின், குறுக்களவு 12.5 செ.மீ.யை ஒட்டி வரும். வெளி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துங்கள், அடித்தட்டு மேலே வரட்டும். அதன் நடுவில் உள் டின்னை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு வெட்டுங்கள், உள் டின்னின் உடம்பு நுழைய வேண்டும், ஆனால் அதன் தடித்த விளிம்பு நுழையக் கூடாது, விளிம்பில்தான் அது தொங்கப்போகிறது. கொஞ்சம் சிறிதாகவே வெட்டி, அரத்தால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெரிதாகிவிட்டால் டின் பொத்தென்று உள்ளே விழும், சந்து வழியாகச் சூடான காற்றும் வீணாகும்.

உள் டின்னில் இரண்டு இடத்தில் ஓட்டை. அடித்தட்டில் 4 அல்லது 5 மி.மீ. ஆணியால் 30 ஓட்டை, பரவலாக. அப்புறம் மேல் விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழே சுற்றிலும் ஒரே வரிசையாகக் கொஞ்சம் பெரிய ஆணியால் 20 ஓட்டை. வெளி டின்னில், தரையில் உட்காரப்போகிற பக்கத்தை ஒட்டி, சுற்றிலும் 1.2 செ.மீ. அளவில் 12 ஓட்டை. கணக்கு என்னவென்றால், உள் டின்னின் ஓட்டைகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பரப்போ அதைவிட வெளி ஓட்டைகளின் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும். நான் சொன்ன அளவில் உள்ளே சுமார் 10 சதுர செ.மீ., வெளியே 13க்கு மேல். வேறு அளவு டின் கிடைத்தால் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள், இந்த விகிதத்தை மாற்றாதீர்கள்.

இப்போது உள் டின்னைத் தொங்கவிட்டால் அதன் அடிக்கும் தரைக்கும் நடுவில் மூன்று நாலு செ.மீ. இடம் இருக்கும், சுற்றிலும் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் சந்து இருக்கும். கீழே நுழைகிற காற்றில் ஒரு பங்கு அடித்தட்டு ஓட்டை வழியாக விறகுக்குப் போகிறது. இன்னொரு பங்கு இரண்டு சுவருக்கும் இடையில் ஏறி, ஏறும்போதே சூடாகி, மேல் வரிசை ஓட்டை வழியாக உள்ளே பாய்கிறது. விறகிலிருந்து கிளம்புகிற புகை என்பது எரியாமல் தப்பிக்கிற எரிபொருள்தான், அது அந்தச் சூடான காற்றைச் சந்தித்ததும் பற்றிக்கொள்கிறது. நன்றாகப் பிடித்த பிறகு மேலே இருந்து எட்டிப் பாருங்கள் (முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு), 20 ஓட்டையிலிருந்தும் தீ நாக்கு நடுவை நோக்கி நீளும், கேஸ் அடுப்பைப் பார்ப்பது போல இருக்கும், புகை அநேகமாக நின்றுபோயிருக்கும்.

பானை தாங்க, வெளி டின்னின் மேல் வளையத்தில் மூன்று ஓட்டை போட்டு 5 செ.மீ. நீளத்தில் மூன்று போல்ட்டை நட் போட்டு இறுக்குங்கள், தலை மேலே வரட்டும். நட்டைத் தளர்த்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மூன்று செ.மீ.க்குக் குறைய வேண்டாம். ஒன்றரை லிட்டர் சட்டி வரைக்கும் இது தாங்கும், அதற்கு மேல் வைத்தால் தகரம் வளையும்.

இந்த அடுப்பை மேலிருந்து கொளுத்த வேண்டும், நம் விறகடுப்புப் பழக்கத்துக்கு இது நேர்மாறு. விரல் தடிமன் சுள்ளியை இரண்டு மூன்று செ.மீ. துண்டாக ஒடித்து, மேல் வரிசை ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் மட்டும் நிரப்புங்கள். ஓட்டையை விறகு மறைத்தால் எல்லா உழைப்பும் வீண். அதன் மேல் தென்னம்பஞ்சோ மெல்லிய சிராயோ போட்டுப் பற்றவையுங்கள். ஷான் மலைப் பக்கம் பிசின் ஊறிய பைன் மரச் சிராய் கட்டாகக் கிடைக்கும், அதைவிட நல்ல பற்றுக்குச்சி கிடையாது. தீ மெதுவாகக் கீழே இறங்கும், ஒரு நிரப்பலுக்குக் கால் மணி நேரம் போல எரியும். உலர்ந்த விறகாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 கிராம் சுமார் போதும். தொடர்ந்து வேண்டுமென்றால் மேலே இருந்து ஒவ்வொரு துண்டாகப் போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் புகைய ஆரம்பிக்கும்.

விறகுக்கு மோன் பக்கம் இருக்கிறவர்களுக்கு ரப்பர் மரத்து உலர்ந்த குச்சி இருக்கிறது, எங்கும் சிரட்டை இருக்கிறது. சிரட்டை நல்ல சூடு தரும், சின்னச் சின்னதாக உடைத்துப் போடுங்கள். மூங்கிலை மட்டும் கணுவோடு முழுசாகப் போடாதீர்கள், உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெடித்துத் தணலைத் தெறிக்கவிடும், பிளந்துதான் போட வேண்டும். உமி இதில் எரியாது, காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும், அதற்கு விசிறி வைத்த அடுப்பு வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால், அல்லது தெருவில் கூட்டமாகச் சமைக்க வேண்டி வந்தால், மரத்தூள் அடுப்பு போடுங்கள். நம் பெரியவர்களில் பலருக்குத் தெரிந்த அடுப்பு, இப்போது மறந்துகொண்டு வருகிறோம். பெரிய எண்ணெய் டின்னின் மேல் தட்டை எடுத்துவிட்டு, அடியை ஒட்டிப் பக்கத்தில் மணிக்கட்டு தடிமனுக்கு ஒரு ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு மூங்கிலைப் படுக்கையாகச் செருகி, டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நேராக நிறுத்துங்கள், பாட்டிலின் அடி மூங்கிலைத் தொட வேண்டும். சுற்றிலும் உலர்ந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டையால் இறுக்கி இடியுங்கள். வாய் வரைக்கும் வந்ததும் பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுங்கள், மூங்கிலை வெளியே இழுங்கள். உள்ளே ஒரு புகைபோக்கி உருவாகியிருக்கும். கீழ் ஓட்டையில் காகிதமும் சிராயும் வைத்துக் கொளுத்தினால் நடுத்துளையின் சுவர் உள்ளிருந்து வெளியே மெதுவாக எரிந்துகொண்டு போகும், நடுவில் விறகு தள்ள வேண்டிய வேலையே இல்லை. மேலே மூன்று கல் வைத்துப் பானையை உயர்த்துங்கள். தீயைக் குறைக்க கீழ் ஓட்டையை ஒரு ஓட்டுத்துண்டால் பாதி மறைத்தால் போதும். எரிகிறபோது டின்னை இடம் மாற்றாதீர்கள், தூள் சரிந்து துளை மூடிவிடும்.

மழைக்காலத்துக்கு ஸ்பிரிட் அடுப்பு. மே முதல் அக்டோபர் வரைக்கும் காட்டில் உலர்ந்த குச்சி தேடுவது கஷ்டம், அப்போது ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட் கைகொடுக்கும். பீர் கேனின் அடிப்பாகத்தை 3 செ.மீ. உயரத்துக்கு வெட்டி எடுத்தால் அதுவே கிண்ணம், ஓட்டை எதுவும் வேண்டாம். பானை நிற்க 400 கிராம் பால்மாவு டின் இன்னொன்றை எடுத்து 7 செ.மீ. உயர வளையமாக வெட்டி, கீழே சுற்றிலும் ஓட்டையும் மேலே ஜன்னலும் போடுங்கள். கிண்ணத்தின் வாய்க்கும் பானைக்கும் நடுவில் 4 செ.மீ. வரும், ஸ்பிரிட்டுக்கு அந்த உயரம் சரி. 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஸ்பிரிட் நன்றாக எரியும், காயம் துடைக்கிற 70 சதவீத ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருப்பதால் சூடு குறைவு. காற்று மறைவு இருந்தால் அரை லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு, இதைக் குழந்தைகள் உட்பட கூட இருக்கிற எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்த்தால் தீ பாட்டிலுக்குள் ஏறிவிடும். முழுசாக அணைந்து, கிண்ணம் ஆறி, கையால் தொட முடிகிற வரைக்கும் மறுபடி ஊற்றவே கூடாது. தீ இன்னும் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்காதீர்கள், ஒரு காய்ந்த இலையை மேலே நீட்டிப் பாருங்கள். அணைக்க ஊதவும் வேண்டாம். பானையை எடுத்துவிட்டு, காலி பால் டின்னைக் குறடால் பிடித்துக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்துங்கள், அளவு சரியாகப் பொருந்தும், காற்று நின்று தீ நிற்கும். பெட்ரோலை இந்த அடுப்பில் ஊற்றுகிற எண்ணமே வேண்டாம். ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள், யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் கண்ணும் போகலாம் உயிரும் போகலாம்; வேறு வடிவப் பாட்டிலில் ஊற்றிப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வேண்டாம். தீ நின்று தணல் மட்டும் இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அதிகம் வரும், மணமும் இல்லை நிறமும் இல்லை, குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று தணலைப் பக்கத்தில் வைத்துத் தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் ஓலைக் கூரைக்கும் காய்ந்த மூங்கில் இலைக்கும் பக்கத்தில் கொளுத்தாதீர்கள். தரையைக் கூட்டிச் சுத்தம் செய்து, பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீரோ மணலோ வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் இடத்தை விட வேண்டும்.

மலையில் சமைக்கிறவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். கலோ சுமார் 1,300 மீட்டர், அங்கே தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். சின் மலையில் நாட் மா டவுங் உச்சி 3,000 மீட்டருக்கு மேல், அங்கே 90 டிகிரிதான். கொதித்தாலும் அரிசி வேக நேரம் எடுக்கும், பருப்பு பிடிவாதம் பிடிக்கும். கிளம்புமுன் அரிசியை அரை மணி நேரமும் பருப்பை ராத்திரி முழுக்கவும் ஊறவையுங்கள். கொதி வந்ததும் சட்டியை இறக்கித் துண்டில் சுற்றி மூடிவைத்தால் மீதி வேக்காடு விறகு இல்லாமலே ஆகிவிடும்.

சட்டியின் அடியில் கரி பிடிக்கும். ஏற்றுமுன் வெளிப்புறத்தில் சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவும்போது கரி சோப்போடு வந்துவிடும். அடுப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பை முழுக்கக் கரி. வீட்டுக்கு வந்ததும் சாம்பலைத் தட்டிவிட்டு, ஈரம் இல்லாமல் துடைத்து, சமையல் எண்ணெயை லேசாகத் தடவி வையுங்கள். அப்படியும் உள் டின்னின் அடித்தட்டு முதலில் ஓட்டையாகிப் போகும், தணல் உட்காருகிற இடம் அதுதான். வெளி டின் ரொம்ப நாள் வரும், உள் டின்னை மட்டும் மாற்றினால் போதும், அதனால் எந்தப் பிராண்ட் டின்னுக்கு வட்டம் வெட்டினீர்களோ அதே பிராண்ட் காலி டின் ஒன்றிரண்டை முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுங்கள்.